சக்கரம் பிடிக்கிற கை

அந்தோணியார் கோயில் விளக்கிலிருந்து எடுத்துவந்த எண்ணெயை ராஜமேரி கணவன் சவரியின் உள்ளங்கைகளில் தேய்க்கிறாள். தொப்பூர் மலையிறக்கத்தில் லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கை தவறாதிருக்க வீட்டுப் பெண்கள் செய்வது இது. சவரி ஓட்டுவது கப்பல்; லீவு முடிந்து நாளை கிளம்புகிறான். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயிலில் அவன் கைகள் மினுமினுக்கின்றன. தெருவில் கம்பைநல்லூர் பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. “ராவெல்லாம் சக்கரம் புடிச்சிக்கிட்டு நிக்கறீங்களே, கை வலிக்காதுங்களா?” என்கிறாள். “இப்ப மிசினே புடிச்சிக்கும் மேரி. வானத்துல சுத்துற சாட்டிலைட்ட வெச்சு எடத்தக் கண்டுபுடிச்சு, திசைய வெச்சு வுட்டா நேரா போவும்.” “எதுக்க ஏதாச்சும் வந்தா?” “அது மிசினுக்குத் தெரியாது. நாமதான் பாத்துத் திருப்பணும்.” “அதுக்குத்தானுங்க தேய்க்கறேன்” என்று இன்னும் அழுத்துகிறாள். அவன் விரல்களை மடக்கிக்கொள்ளப் பார்க்கிறான். அவள் ஒவ்வொன்றாக விரித்துத் தேய்க்கிறாள். நடுக்கடலில் ஒரு மீன்படகின் சின்ன விளக்கு கப்பலின் மூக்குக்கடியில் போய், மறுபக்கம் வராமலே போன அந்த இரவில், இந்தக் கைகள் இரண்டும் சூடான டீக் குவளையைச் சுற்றிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தன.