தேறியது ஒருவர்

"சீட்டைத் தலைகீழாப் புடிச்சிருக்கீரேய்யா! போம், போம்!"

பெரியவரின் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கி மேசையில் எறிந்தார் அதிகாரி வைகுண்டராஜ். காலையிலிருந்து இதோடு முப்பத்தேழு பேரைத் திருப்பி அனுப்பியாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் வரப்போகும் ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு இத்தனை கூட்டம்!

அத்தனையும் போலி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரே தரகன் இருபது பெயரில் மனுப் போடுகிற காலம் அது. அதை முறியடிக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

ஆளுக்கொரு சீட்டு. அதில் கோடும் புள்ளியும் குறுக்கே ஓட, கோணல்மாணலாக ஓர் எண். மனுப் போட்டவர் தனியாக உள்ளே வந்து, அவர் எதிரிலேயே அதைப் படித்து எழுத வேண்டும்.

போன மாதம் ராஜபாளையத்தில் வந்த முந்நூறு மனுவை இந்தச் சீட்டை வைத்துத்தான் நாற்பதாகக் கழித்தார். மேலதிகாரி கைகொடுத்துப் பாராட்டினார். அன்றிலிருந்து வைகுண்டராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இங்கே இதுவரை தேறியவன் சீனிச்சாமி ஒருவன்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில் எழுதி முடித்தான். இவனல்லவா ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

"அடுத்து யாருலே?"

பியூன் ஆண்டிச்சாமி ஒரு பெண்ணை உள்ளே விட்டான். கூட வந்த தங்கையை வாசலிலேயே மறித்துவிட்டான். உள்ளே வந்தவள் நாற்காலியைத் தடவிப் பிடித்து நின்றாள்.

"பேரு பரிபூரணம் சார். மடவார் வளாகம். ராஜபாளையத்துல ஒரு மில்லுல பன்னெண்டு வருசம் டெலிபோன் ஆபரேட்டரா இருந்தேன். மில்ல மூடிட்டாக. இந்தப் பூத்து கெடச்சா நானும் தங்கச்சியும் பொழச்சுக்கிடுவோம்."

"கதையெல்லாம் வேண்டாம். இந்த நம்பரை எழுது."

சீட்டை அவள் கையில் திணித்தார். அவள் அதை விரலால் ஒருதரம் தடவினாள்.

"எனக்குக் கண்ணு தெரியாது சார். நீங்க வாயால சொல்லுங்க. எம்புட்டு நம்பர்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லுதேன். போனக் குடுத்தா டயல் பண்ணியும் காட்டுதேன்."

"நான் சொல்லி நீ எழுதுறதுக்குப் பேரு சோதனையா? ஒருத்திக்காகச் சட்டத்தை வளைக்க முடியாதும்மா."

"அப்பம் எந் தங்கச்சி படிச்சுச் சொல்லட்டும்."

"அதான் கூடாதுங்கேன்! கூட வர்றவன்தான் தரகன். எனக்குத் தெரியாதாக்கும்!"

அவள் மனுவில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். இனி வெளியே யாரும் இல்லை என்றான் ஆண்டிச்சாமி. ஆனால் பரிபூரணம் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"இம்புட்டுப் பேருல ஒருத்தருகூடவா தேறல?"

வைகுண்டராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சீனிச்சாமின்னு ஒரு ஆளு. அட்சரம் பிசகாம எழுதிட்டான். ஆர்டரும் கையெழுத்தாயிருச்சு. உன்னையும் சேத்து முப்பத்தெட்டுப் பதரைத் தூத்தி, ஒரு நெல்லப் பொறுக்கியிருக்கேன். வேற எவனுக்கும்மா இந்த மூளை வரும்?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆண்டிச்சாமி பயந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"என்ன சிரிப்பு?" மேசையைத் தட்டினார் வைகுண்டராஜ்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"கண்ணு தெரியாதவுகளுக்குன்னு ஒதுக்குன பூத்த, வந்ததுல கண்ணு தெரிஞ்ச ஒரே ஆளுக்குக் குடுத்துட்டியளே சார்!"