மிக்ஸிச் சத்தம்

"வலி ஆரம்பிச்சதும் யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?"

கேட்டது டாக்டர் டெபோரா. கட்டிலில் சாய்ந்திருந்த அச்சுதன் போர்வையின் நுனியை இழுத்து நேராக்கினார்.

"கூப்பிட்டேன்மா. ஞானம், ஞானம்னு. கிச்சன்ல மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு. அவளுக்குக் கேக்கல. சரி, கேஸ்தான்னு ஒரு சோடாவைக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்."

முந்தாநாள் காலையில் வந்த வலி. கீழ்க்கட்டளையிலிருந்து அவரைத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பார்த்தவள் டெபோராதான். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் சோர்ந்துவிட்டது. இனி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

டெபோரா அவசர மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். நெஞ்சுவலி வந்தவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

கேஸ் என்று நினைத்தோம். ஓமவாட்டர் கொடுத்தோம். மகன் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று இருந்தோம். மேடவாக்கத்தில் டிராஃபிக். பதில்கள் அவளுக்கு மனப்பாடம்.

மிக்ஸி மட்டும் புதிது.

நோயாளியையும் வீட்டாரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்து இன்னொரு முறை கேட்க வேண்டும். அவளுடைய பேராசிரியர் வில்பிரட் மற்றதிலெல்லாம் இளகுவார், இந்த ஒரு விதியில் இளகமாட்டார்.

வராந்தா பெஞ்சில், மடியில் பிளாஸ்க்குடன் உட்கார்ந்திருந்தாள் ஞானாம்பாள். டெபோரா வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"காலையிலயே வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காதா டாக்டர்?"

படித்த கட்டுரைகள் எல்லாம் அதற்கு ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. டெபோரா அதைச் சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

"அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா நான் அவர்கிட்ட பேசல. மாடி போர்ஷனைத் தங்கச்சி பையனுக்கு விடறேன்னு என்னை ஒரு வார்த்தை கேக்காம வாக்குக் கொடுத்துட்டு வந்து நிக்கறாரு. சண்டைன்னா அவருதான் எப்பவும் முதல்ல இறங்கி வருவாரு. ஞானம்னு கொழைவாரு. அன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

பிளாஸ்க்கின் மூடியை இறுகத் திருகினாள். மூடியிருந்ததையே மறுபடியும் திருகினாள்.

"இவ்ளோ சீக்கிரம் மசியக் கூடாதுன்னு மிக்ஸியைப் போட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல டாக்டர். காலி ஜாரு. அவர் கூப்பிடறது நிக்கற வரைக்கும் ஓட விட்டேன்."

சட்டென்று டெபோராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் எப்படி அவர் மூஞ்சியில முழிப்பேன்?"

அவருக்குத் தெரிந்து, அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை.

டியூட்டி அறையில், கூடப் படிக்கும் பென்னி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"நீ தீசிஸ் எழுத வந்தியா, குடும்பப் பஞ்சாயத்து பண்ண வந்தியா? பேசாம அந்த அங்கிளைக் கணக்குல சேக்காம விட்டுடு."

விட்டுவிடலாம்தான். ஆனால் சொல்ல வாய் வராத காரணங்களை எல்லாம் விட்டுவிட்டால், ஆய்வில் மிஞ்சுவது சோடாவும் டிராஃபிக்கும்தான்.

சாயங்காலம் மறுபடி வார்டுக்குப் போனாள். ஒரு கேள்வி. அதைக் கேட்டு முடித்தால், இத்தனை வருஷம் ஒரு வீட்டில் வாழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஞானாம்பாள் டம்ளரைக் கழுவ வராந்தாக் கோடியில் இருந்த குழாய்க்குப் போயிருந்தாள்.

"சார், உங்களையும் அம்மாவையும் சேர்த்து வெச்சு இன்னொரு தடவை கேக்க வேண்டியிருக்கு. அம்மா வந்ததும்..."

அச்சுதன் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு அவளைக் கிட்டே வரும்படி கையசைத்தார்.

"சேர்த்தெல்லாம் வெச்சுக் கேக்க வேண்டாம்மா. காலையில நான் சொன்னது பொய். உள்ளதை எழுதிக்கோங்க. அவளுக்குக் கேட்டுச்சு."

டெபோரா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தேங்கா அரையற சத்தம் எது, காலி ஜாரு சுத்தற சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா?" அவர் சிரிக்கப் பார்த்தார், நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். பாவம், நொந்துபோயிடுவா."

இப்போது இரண்டு பதிலும் ஒன்றுதான்.

விதிப்படி, யாரையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டியதில்லை.

அழைத்தார், மனைவிக்குக் கேட்டது என்று டெபோரா எழுதிக்கொண்டாள். ஆய்வில் யாருடைய பெயரும் வராது.

வெளியே குழாய்த் தண்ணீர் டம்ளரில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அச்சுதன் தலையணையில் சாய்ந்து, பக்கத்துக் கட்டிலுக்குக்கூட எட்டாத குரலில், "ஞானம்" என்றார்.

குழாய் நின்றது.

"இதோ... வந்துட்டேங்க."