வெல்வெட் கழுத்து

மண்டியிட்டபடியே கண்ணாடியை ஒட்டி நகர்ந்தாள்.

நகைக்கடையின் வாசல் ஜன்னல் ஓர் ஆள் உட்காரும் அகலம்தான். பின்பக்கப் பலகையைக் கழற்றி, செருப்பில்லாமல் உள்ளே போக வேண்டும். ராத்திரி லாக்கருக்குப் போன நகையெல்லாம் காலையில் தட்டுத் தட்டாகத் திரும்பி வரும். கறுப்பு வெல்வெட் பொம்மைகளில் ஒவ்வொன்றாக ஏற்றுவது அவள் வேலை. தலையில்லாத, கையில்லாத பொம்மைகள். கடையில் அதற்குப் பெயரே கழுத்துதான். அந்தக் கழுத்தை எடு, இந்தக் கழுத்தைத் துடை என்பார்கள்.

முழங்கால் எரிந்தது.

எதிரே சிக்னல். மில் வேன் இன்னும் வரவில்லை.

வேலை முடிந்தால் பலகையை மூடிவிடுவார்கள். அப்புறம் தெருவிலிருந்து பார்த்தால் நகை தெரியும். அவள் தெரிய மாட்டாள்.

ஸ்டாண்டில் மாட்டிய ஜிமிக்கியைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

வேன் வந்து நின்றது.

பின் ஜன்னலில் ரேணுகா. அவள் மகள்.

பிடித்தவனோடு போய்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. ரேணுகாவின் அப்பா போட்ட உத்தரவு. மீறினால் நீயும் அவள் பின்னாலேயே போய்விடு என்று இவளிடம் சொல்லியிருந்தார்.

ரேணுகா இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எப்போதும்போல முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் கயிறு தெரிந்தது. வெளுத்துப்போன மஞ்சள் கயிறு.

இன்னும் பிரித்துக் கோக்கவில்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ, பெற்றவள் போய் உட்கார்ந்து, பழைய கயிற்றைப் பிரித்து, பொன் குண்டும் காசும் சேர்த்துத் தாலியைப் புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட வேண்டும். அவர்கள் பக்கத்தில் அதுதான் முறை. ஐந்தாம் மாசமும் போய்விட்டது.

பச்சை விழுந்தது. வேன் போனது.

மாமியார் இருக்கிறாளே, அவள் கோத்துக் கட்டியிருக்கலாம். அங்கே யாருக்கும் அக்கறை இல்லையோ. இல்லை, ரேணுகாதான் யாரையும் தொட விடவில்லையோ.

தொட விடாமலே இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

அந்த மாசத்து ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று ஹெட் ஆபீஸிலிருந்து போனில் படம் வந்திருந்தது. சிவப்புத் துணி. பித்தளை விளக்கு. நடுக் கழுத்தில் பெரிய ஆரம். ரோட்டில் போகிறவர் கண் முதலில் நடுவுக்குத்தான் வருமாம்.

மறுநாள் காலை ஆரத்தை எடுத்து ஓரத்தில் போட்டாள்.

கவுண்டரில் சின்னத் தட்டில் கிடக்கும் குண்டுகளையும் காசுகளையும் புது மஞ்சள் கயிற்றில் கோத்தாள். நடுவில் மட்டும் இடம் விட்டாள். பொம்மைக் கழுத்தில் தாலி ஏற்றுவதில்லை.

நடுக் கழுத்தில் கட்டினாள். பின்னால் இல்லாத கூந்தலை ஒதுக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

மேனேஜர் சிவநேசன் எட்டிப் பார்த்தார். குண்டையும் காசையும் எவன் ரோட்டிலிருந்து பார்ப்பான் என்று கேட்டார். ஹெட் ஆபீஸ் பார்த்தால் இதே கயிற்றை என் கழுத்தில் மாட்டிவிடுவார்கள் என்றார். முகூர்த்த மாசம் சார், கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்டு வருவார்கள் என்று சமாளித்தாள். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் என்று போனார்.

வேன் வந்தது.

அவள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். நடுக் கழுத்து மறையக் கூடாது.

ரேணுகா முன் சீட்டைப் பார்த்தாள். பக்கத்துப் பெண் தோளைத் தட்டி ஜன்னலைக் காட்டினாள்.

ரேணுகா திரும்பினாள்.

பார்த்தாள்.

கை கழுத்துக்குப் போனது.

பச்சை.

சாயங்காலம் ஆரம் நடுவுக்குத் திரும்பியது. அவளே மாற்றினாள்.

அடுத்த நாள் வேனில் அந்த ஜன்னலோரம் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

தப்புப் பண்ணிவிட்டோம் என்று தோன்றியது. ஜிமிக்கியை ஒரே தடவையில் மாட்டி, சீக்கிரமே பலகையை மூடச் சொன்னாள்.

மத்தியானம், வயர் கூடையோடு ஓர் அம்மாள் வந்தாள். நேற்று நடுவில் கயிற்றில் குண்டு கோத்து வைத்திருந்தது யார் என்று கேட்டாள். மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. இவளைக் கைகாட்டினார்.

அந்த அம்மாள் கிட்டே வந்து முகத்தையே பார்த்தாள். மூக்கைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நான் ரேணுகா மாமியா."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். குண்டும் காசும் எப்போதோ வாங்கியாயிற்றாம். கயிறு இற்றுக்கொண்டிருக்கிறதாம். யார் கை வைத்தாலும் தட்டிவிடுகிறாளாம். இந்தப் பிடிவாதம் எங்க வீட்டில் ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கிடையாது என்றாள்.

"நேத்து வேலை விட்டு வந்ததுல இருந்து ஒரே அழுகை. இன்னைக்கு வேலைக்கும் போகல. காலையில ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அதை அடுக்குனவுகளுக்கு என்னைக்கு லீவுன்னு கேட்டுட்டு வாங்கன்னு."

இவள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. தாலிக் கயிற்றில் கை வைக்க ஆகாத நாள்.

முகூர்த்த மாசத்தில் வேறு நாள் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் அப்புறம் இங்கே வேலைக்கு இருந்ததுமில்லை.

மேனேஜர் பில் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"வியாழக்கிழமை," என்றாள். அவருக்கும் கேட்கும்படி.