முன்சீட்டுச் சக்களத்தி

புயலைத் துரத்திப் படமெடுக்கும் இளம்பரிதியின் ஜீப்பில் முன்சீட்டு லேப்டாப்புக்குத்தான். சீட் பெல்ட்கூட அதற்குப் போட்டுவிடுவான். தாலி கட்டிய செண்பகவல்லிக்குப் பெல்ட் இல்லாத பின்சீட்டு. லேப்டாப்பை அவளுடைய சக்களத்தி என்றே தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"புயல் இன்னும் கடல்லதான் இருக்கு," என்றான், திரையைப் பார்த்து.

"ஏங்க, பனைமரமே வளையுதே?"

"உனக்குத் தெரியுமா, அதுக்குத் தெரியுமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். திரையின் மூலையில் கடிகாரம், அவர்கள் டீ குடித்த நேரத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, குலுங்கின குலுக்கல்ல அது எப்பவோ நின்னுபோச்சுங்க! வண்டியத் திருப்புங்க!"

அதற்குள் காற்று ஜீப்பை ஒரு பக்கமாகத் தூக்கியது. செண்பகவல்லி கையை நீட்டினாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவன் பாய்ந்து பிடித்தது, பெல்ட் போட்டிருந்த லேப்டாப்பை.