கதவுக்கு இந்தப் பக்கம்

பதினோரு நாட்களாக ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், கட்டிலில் கிடந்த வேதவல்லியின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, அவள் மகனை மட்டும் அறைக்கு வெளியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்த கதிரேசன் ஒவ்வொரு முறையும் "ஒண்ணுமில்லம்மா" என்று ஆரஞ்சு உரித்தான். இன்று புதிதாக வந்த டாக்டர் நஸ்ரீன், "நீங்க வெளிய இருங்க சார், நான் அவங்ககிட்டதான் பேசணும்" என்றாள்.

"அம்மா தாங்கமாட்டாங்க மேடம்."

"என் வயிறுடா அது. இத்தனை நாள் நான் பார்த்த கதவ, இப்ப நீ கொஞ்ச நேரம் பாரு" என்றாள் வேதவல்லி.

கதிரேசன் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும் அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. எழுந்து உட்கார்ந்தாள். நைட்டியின் மேல் பட்டனைப் போட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டாள். நஸ்ரீன் ஸ்டூலை இழுத்து அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு" என்றாள் வேதவல்லி.

"உங்களுக்குக் கர்ப்பப்பையில கேன்சர்ம்மா."