அதே கோல்

ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளையில், கோல்கீப்பர் ஞானதுரையிடம் மேனேஜர் எதிரணியின் ஜெர்சியை நீட்டினார்.

“உங்கள அவங்களுக்குக் கொடுத்துட்டோம் அண்ணாச்சி. பதிலுக்கு ரெண்டு சின்னப் பயலுவ வாரானுவ. நாளைக்கும் டீம் இருக்கணும்லா.”

அணிகள் பக்கம் மாறின. ஞானதுரைக்கு மட்டும் முதல் பாதியில் நின்ற அதே கோல்தான் மறுபடியும் வாய்த்தது.

பழைய அணிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. சீறி வந்த பந்தைக் காலால் தடுத்தவர், பதினெட்டு வருடப் பழக்கத்தில் அதை வலப்பக்கம் நின்ற பழைய அணித் தோழன் சூசைக்குத் தள்ளிவிட்டார்.

காதோரம் நரைத்த சூசை, பந்தை மட்டையோடு அணைத்தபடி அசையாமல் நின்றான். கோல் திறந்து கிடந்தது.

ஹெல்மெட் கம்பிகளுக்குள்ளிருந்து ஞானதுரை மெல்லச் சொன்னார்: “அடிச்சிருல. இல்லன்னா அடுத்த ஜெர்சி உனக்கு.”