கோயில் இல்லாத வழி

"அந்த றோட்டிலை கோயில் இருக்கெல்லோ தம்பி. கொடியும் ஏறியிருக்கு. கோயில் இல்லாத வழி ஒண்டு சொல்லும்."

தொலைபேசியில் வந்த குரல் மிக நிதானமாக இருந்தது. வழியில் நின்று பேசுகிறவருடைய குரல், ஆனால் பின்னால் ஒரு வாகன இரைச்சல்கூட இல்லை. குகதாசன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தின் தகவல் மேசைக்கு அவர்தான் பொறுப்பு. 'வருகையாளர் வழிகாட்டி' என்ற நாலு வர்ணக் கையேடு அவர் எழுதியது. அதில் வரைபடத்தைவிட அவருடைய படம் பெரிது. "பலாலி வீதியால் நேரே வருக" என்று எழுதியவர், எங்கே நிற்பது என்று எழுத மறந்துவிட்டார். போன மாதம் கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினர் கையேட்டை நம்பி நேரே போய், மயிலிட்டித் துறைமுகத்தில் கோட்டும் சூட்டுமாக இறங்கி, விழா மண்டபம் எங்கே என்று வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டிருக்கிறார்.

பதிவாளர் குகதாசனைக் கூப்பிட்டு அதிகம் கதைக்கவில்லை. "இனி ஒரு ஆள் வழி மாறினால், நீர் உடைஞ்ச கதிரை அடுக்கிற களஞ்சியத்துக்குப் போகலாம்" என்றார்.

எனவே இந்த ஆளை எப்படியும் வாசலில் கொண்டுவந்து இறக்கியே ஆகவேண்டும்.

"சேரின்ரை பேர்?"

"அருளம்பலம். நெல்லியடியிலையிருந்து வாறம். உங்கடை மருத்துவ பீடத்துக்கு."

"விரிவுரைக்கோ, சேர்?"

"படிப்பிக்கத்தான். ஒரு வருஷமாவது வைச்சிருப்பினமாம்."

குகதாசன் அவரை அறியாமலே கதிரையை விட்டு எழுந்து நின்றார். கோயிலைக் கண்டால் ஆகாதாம். பகுத்தறிவுவாதி. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு அந்த நோய் இருப்பது அவருக்குத் தெரியும்.

"இருபாலையாலை திரும்புங்கோ சேர். அந்தப் பக்கம் கோயில் இல்லை."

பக்கத்து மேசைத் தர்சினி தலையை நிமிர்த்தினாள். "அண்ணை, இண்டைக்கு ஒரு விருந்தாளியும் பட்டியலிலை இல்லையே."

"பெரிய ஆக்கள் பட்டியல் பார்த்து வாறேல்லை. ஓடிப்போய் ஒரு மாலை வாங்கு பிள்ளை. குத்துவிளக்கையும் எடு."

அரைமணி நேரத்தில் மறுபடி அழைப்பு.

"நீர் சொன்ன ஒழுங்கையாலை வரேலாது தம்பி. கலியாண வீடு. பந்தல் போட்டு ஆக்கள் நிக்கினம்."

"ஏன் சேர், கண்டால் மறிச்சுச் சாப்பிட வைச்சிடுவினமோ?"

குகதாசன் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

"நாங்கள் எதிர்ப்படக் கூடாது. பாவங்கள், அதுகள் நல்லாயிருக்க வேணும்."

குகதாசனுக்குப் பிடரி மயிர் ஏனோ சிலிர்த்தது. மின்விசிறியைக் குறைத்துவிட்டு வேறு வழி சொன்னார்.

மூன்றாம் தடவை குரல் இன்னும் பக்கத்தில் கேட்டது.

"சந்திக்கு வந்திட்டம். கடைக்காரர் கதவைப் பாதி சாத்திப்போட்டு எழும்பி நிக்கினம். சைக்கிளிலை வந்தவையும் இறங்கி நிக்கினம்."

"அவ்வளவு மரியாதையோ, சேர்?"

"நாப்பது வருஷம் இந்தச் சந்தியாலை போய் வந்தனான் தம்பி. ஒருத்தனும் எழும்பினதில்லை."

"சேருக்கு மத்தியானச் சாப்பாடு என்ன ஒழுங்கு செய்யட்டும்?"

"ஒண்டும் வேண்டாம். குளிரான அறை ஒண்டு இருக்குமெண்டு சொன்னவை. அது காணும்."

எவ்வளவு எளிமையான மனிதர் என்று குகதாசன் உருகிப்போனார். "பின்வாசலாலை வாங்கோ சேர். நானே நிக்கிறன்" என்றவர், கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு மாலையோடு ஓடினார். தர்சினி விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

உச்சி வெயிலில் முன்விளக்கு எரிய, நீளமான கறுப்பு வாகனம் ஒன்று சத்தமில்லாமல் வந்து நின்றது. சாரதிக்குப் பக்கத்திலிருந்து, அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் ஆவணக் கோவையுடன் இறங்கினாள்.

"நான் கஜானி. அப்பாவை ஒப்படைக்க வந்தனாங்கள். செத்தாப் பிறகு தன்ரை உடம்பை மருத்துவப் பொடியள் படிக்கக் குடுக்கச் சொல்லி எழுதி வைச்சவர்."

பின்பக்கக் கண்ணாடிக்குள் அருளம்பலம் கைகளை நெஞ்சில் கோத்தபடி படுத்திருந்தார். கோயிலும் கலியாண வீடும் ஏன் ஆகாமல் போயின என்று குகதாசனுக்கு இப்போதுதான் விளங்கியது. ஏறிய கொடிக்கும் கட்டிய பந்தலுக்கும் முன்னால் பிரேதம் போகாது. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"அப்ப அப்பாவின்ரை பேரைச் சொல்லி எனக்குப் போன் எடுத்த ஐயா எங்கை, பிள்ளை? பின்னாலை வாறாரோ?"

கஜானி விழித்தாள். "ஒருத்தரும் இல்லையே. நானும் வின்சன்ற் அண்ணையும் மட்டும்தானே வந்தனாங்கள். நான் ஒருத்தருக்கும் எடுக்கேல்லை."

சாரதி வின்சன்ற் இறங்கி வந்து குகதாசனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நான் மன்னார் ஆள் அண்ணை, இந்தப் பக்கத்து வழியும் தெரியாது, வழக்கமும் தெரியாது. சந்திக்குச் சந்தி நீங்கள் எனக்குப் போன் எடுத்து, கோயில் பக்கம் விடாதை, கலியாண வீட்டுப் பக்கம் திருப்பாதை எண்டு சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்ததுக்குப் பெரிய நன்றி. குரலைக் கேட்டு நல்ல வயசான ஆளாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."